காணாமல் கொடுத்த பரிசில்

இளைய தலைமுறைக்குக் கலையார்வம் அருகிவிட்டது என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களிடம் கேட்பதற்கு நம்மிடம் ஒரேயொரு கேள்விதான் உண்டு. கடைசியாக எந்த இளைஞரின் கூத்தை, எந்தப் பெண்ணின் ஆடலை, எந்த மாணவியின் கவிதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுந்திருக்காமல் இருந்து பார்த்தீர்கள், கேட்டீர்கள்? விடை சொல்லத் தயங்குகிறவர்கள் நேர்மையாளர்கள். உடனே விடை சொல்லிவிடுகிறவர்கள் பெரும்பாலும் தாம் பரிசு கொடுக்கப் போன கதையைச் சொல்கிறார்கள். பார்ப்பது வேறு, பரிசு கொடுப்பது வேறு. இந்த வேறுபாட்டை ஒரு சமூகமாக நாம் மறந்துவிட்டோம் என்பதே நமது குற்றச்சாட்டு. பிறரைச் சாடுமுன் தம்மைச் சாடிக்கொள்வதே முறை என்பதால் எங்களிடமிருந்தே தொடங்குகிறோம்.

நாங்கள் ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையில் பாடம் நடத்துகிறவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் இளங்கலை இரண்டாமாண்டு வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார். செய்யாற்றுப் பக்கத்துச் சிற்றூர். தலைமுறைகளாகக் கூத்துக் கட்டுகிற குடும்பம். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும் காலம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கும் கூத்து விடிந்த பிறகுதான் முடியும். அரிதாரத்தை எண்ணெய் தேய்த்துக் கலைத்துவிட்டு, முதல் பேருந்தைப் பிடித்து, காதோரத்தில் வண்ணம் ஒட்டியிருக்க முதல் வகுப்புக்கு வந்து, கடைசி பெஞ்சில் உறங்கிப்போவார். நாங்கள் எழுப்பினோம், சிலர் அன்போடு, சிலர் கடிந்துகொண்டு. வராத நாட்களில் வருகைப் பதிவேட்டில் தவறாமல் 'வரவில்லை' என்று குறித்தோம். பருவ முடிவில் 75 விழுக்காடு தேறவில்லை. கண்டோனேஷன் கட்டணம் கட்டித்தான் அவர் தேர்வெழுதினார்.

அதே ஆண்டில் கல்லூரி ஆண்டுவிழா வந்தது. சிறப்பு விருந்தினரை வரவேற்க என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, "நம்ம துறையில கூத்தாடுற பையன் இருக்கானே" என்று எங்களில் ஒருவரே எடுத்துக்கொடுத்தோம். நான்கு நிமிடம் ஒதுக்கப்பட்டது. "ஐயா, திரைக்குப் பின்னால நின்னு பாடி முடிக்கவே நாலு நிமிஷம் பத்தாதே" என்றார் மாணவர். "சுருக்கிக்கொள்ளப்பா" என்றோம். முகத்தில் வண்ணம் தீட்டி, கட்டை கட்டி, கிரீடம் வைத்து அவர் ஆயத்தமாகப் பிற்பகல் முழுவதும் ஆயிற்று. விருந்தினர் வரத் தாமதமானது. புஜக்கட்டையும் கிரீடமும் சுமந்தபடி வாசல் வளைவருகே ஒன்றரை மணி நேரம் நின்றார். வண்டி வந்து நின்றதும், விருந்தினருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கி ஆடியபடியே மேடைவரை அழைத்துப் போனார். விருந்தினர் கைப்பேசியில் பேசியபடி நடந்தார். புகைப்படக்காரருக்காக ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தவும் சொன்னார்கள். முடிந்ததும் ஒரு சான்றிதழும் ஒரு கேடயமும் கிடைத்தன. அந்த நாளுக்கு அவருக்கு ஓ.டி. வழங்கப்பட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும். ஊர் மக்கள் விடிய விடிய விழித்திருந்து பார்த்த ஆட்டம் எங்கள் பதிவேட்டில் 'வரவில்லை' என்று ஆயிற்று. ஒருவர்கூடப் பார்க்காத நான்கு நிமிடம் 'கல்விசார் கடமை' ஆயிற்று. வருகைப் பதிவேட்டுக்குத் தெரிந்த கலை அவ்வளவுதான். அதை எழுதியவர்கள் யாரோ அல்ல, சிலப்பதிகாரம் நடத்துகிற நாங்கள்தான்.

*

வரவேற்பு நடனம் என்பது நம் காலத்தின் தனிப்பெரும் கலைவடிவமாகிவிட்டது. அதற்கு இலக்கணம் உண்டு. முதலாவது, அது எதையோ எதிர்பார்த்து நிகழ்வதாக இருக்கவேண்டும், தன்னளவில் முழுமையாக இருந்துவிடக்கூடாது. இரண்டாவது, அதைப் பார்ப்பதற்கென எவரும் வந்திருக்கக்கூடாது. மூன்றாவது, ஆடுகிறவர் இளையவராக இருக்கவேண்டும், ஏனெனில் இளையவர்தான் காசு கேட்கமாட்டார். அரசு விழா, புத்தகக் கண்காட்சித் தொடக்கம், இலக்கிய மாநாடு, நூல் வெளியீடு என எங்கு நோக்கினும் இதுவே காட்சி. இலக்கிய விழாக்களை நடத்தும் நம் நண்பர்களும் விலக்கல்லர். கருத்தரங்கில் ஆய்வாளருக்கு அரை மணி நேரம், தலைமையுரைக்கு முக்கால் மணி நேரம், பொன்னாடைக்கும் நினைவுப்பரிசுக்கும் கால் மணி நேரம். இளம் பாடகி ஒருவருக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும். ஏதேனும் தாமதமானால் முதலில் வெட்டப்படுவது எது என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பரதம் ஆடுகிற மாணவிக்கு இறைவணக்க நடனம், மேடையின் நடுவே, விளக்கேற்றலுக்கு அடுத்து. கூத்து ஆடுகிறவருக்கும் பறை இசைக்கிறவருக்கும் வாசல். முன்னது 'செவ்வியல்', பின்னது 'நாட்டுப்புறம்'. இந்தச் சொற்களை வகுப்பறையில் வரையறுத்துச் சொல்லிக்கொடுப்பவர்களும் நாங்களே. ஆனால் மேடை நடுவில் ஆடுகிறவரையும் யாரும் பார்ப்பதில்லை என்பதால், இருவருக்கும் இடையே ஒரு துயரமான சமத்துவமும் நிலவுகிறது.

அடுத்தது போட்டி. கலையை வளர்ப்பது என்றாலே நமக்குப் போட்டி வைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் போட்டி, கல்லூரிகளுக்கிடையே போட்டி, தொலைக்காட்சியில் போட்டி. தனி நடனம் ஐந்து நிமிடம், தனிப்பாடல் மூன்று நிமிடம், கவிதை வாசிப்பு இரண்டு நிமிடம். மணி அடிக்கும். நடுவர்கள் தாளில் எண்களைக் கூட்டுவார்கள். எங்களில் பலர் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். நாற்பது பேர் ஆடிய ஒரு நாள் முடிவில் ஒருவரது ஆட்டமும் எங்கள் நினைவில் நிற்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். முதல் பரிசு பெற்றவர் ஏன் பெற்றார் என்று அவருக்குத் தெரியாது. பெறாதவர்களுக்கும் தெரியாது. 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்ற விதி, கலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவேண்டாம் என்பதற்கு நாம் கண்டுபிடித்த நாகரிகமான வழி.

போட்டி கலைஞரை மட்டுமல்ல, கலையின் உடலையே மாற்றிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் கைத்தட்டல் வாங்கவேண்டும் என்றால் மெதுவாகத் தொடங்க முடியாது. கூத்தில் வேடம் திரைக்குப் பின்னிருந்து தன்னை அறிவித்து, கட்டியக்காரனோடு பேசி, திரையை விலக்கி வெளிப்படும் அந்த நீண்ட பொழுது போட்டிக்கு உதவாது. ஆகவே மாணவர்கள் கிறுகிறுவென்று சுழல்வதை மட்டும் ஆடிக் காட்டுகிறார்கள். ஆலாபனை உதவாது என்பதால் துரிதமான பாடலை எடுக்கிறார்கள். கவியரங்கத்திலோ ஒவ்வொரு நான்காவது வரியிலும் கைத்தட்டுக்கு இடம்விட்டு எழுதுகிறார்கள், கைத்தட்டு வராவிட்டால் அதே வரியை மீண்டும் சொல்கிறார்கள். இதைக் கற்றுக்கொடுத்தது யார்? பிள்ளைகளுக்குப் பொறுமையில்லை என்று நாம் புலம்புகிறோம். மணியை அடிக்கும் கை நம்முடையதாயிருக்க, பொறுமையின்மை அவர்களுடையதாம்.

மூன்றாவது 'வாய்ப்பு' என்ற சொல். இளங்கலைஞர் ஒருவரை அழைக்கும்போது நாம் பயன்படுத்துகிற சொல் இது. "உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு" என்றால் பேருந்துச் செலவு உங்களுடையது, பக்கவாத்தியம் உங்களுடையது, உடை வாடகை உங்களுடையது, ஒலிபெருக்கிக்கும் ஒளியமைப்புக்கும் மட்டும் எங்கள் செலவு என்று பொருள். ஒலிபெருக்கிக்காரருக்கு வாய்ப்பு என்று யாரும் சொல்வதில்லை. அவருக்கு முன்பணம் கொடுக்கிறோம். டிசம்பர் மாதத்துச் சென்னையில் நண்பகல் நேரங்களில் இளையவர்களுக்கு ஒதுக்கப்படும் கச்சேரிகளுக்குச் சென்றிருப்பவர்கள், காலி நாற்காலிகளைப் பார்த்து ஒரு பெண் இரண்டு மணி நேரம் பாடுவதைக் கண்டிருப்பார்கள். அவள் தாய் தந்தையரும் குருவும் முன்வரிசையில். மேடை தருவதற்குப் பணம் பெறுகிற சபைகளும் உண்டென்பது ஊரறிந்த செய்தி. பரத நாட்டிய அரங்கேற்றத்துக்குக் கடன் வாங்கிய பெற்றோரை நம்மில் பலரும் அறிவோம்.

இந்த இடத்தில் எங்கள் மாணவரின் ஊர் கற்றுத்தரும் பாடம் ஒன்று இருக்கிறது. கூத்து வைக்க விரும்புகிற ஊரார் வாத்தியார் வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து அழைக்கிறார்கள். குழுவுக்கு இரவுச் சோறு ஊரின் பொறுப்பு. ஆட்டம் பிடித்துப்போனால் நடுவில் எழுந்து வந்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துகிறார்கள். பிடிக்காவிட்டால் சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். பல்கலைக்கழக மானியமும் நிகழ்த்துக்கலைப் பாடத்திட்டமும் உடைய நாம் அவர்களைவிடப் படித்தவர்கள். ஆனால் சோறு போட மறந்தவர்கள். பிடிக்கவில்லை என்று சொல்லவும் மறந்தவர்கள்.

நான்காவதாக அச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் பல பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013 சனவரியில் அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி. ஒரு நாடகக்காரர் அரசிடமிருந்து மீட்டுத் தந்த உரிமையை, கல்லூரி வளாகத்துக்குள் நாங்களே மாணவர்களிடமிருந்து பறிக்கிறோம். நாடகப் பிரதியை ஒரு வாரம் முன்பே காட்டவேண்டும். சாதிப்பெயர் வரக்கூடாது. காவலர் வேடம் வேண்டாம். ஊர்ப் பெயரை மாற்று. முடிவில் ஒரு நல்ல கருத்து இருக்கட்டும். எஞ்சியதை மேடையேற்றியபின், 'இன்றைய மாணவர் நாடகங்களில் வீரியமில்லை' என்று கட்டுரையும் எழுதுகிறோம்.

*

இவை எல்லாவற்றுக்கும் மரபைச் சான்று காட்டுகிறவர்கள் உண்டு. மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அது எங்கள் துறை என்பதால் இங்கு யாரும் எங்களை ஏமாற்ற முடியாது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஒரு சிறுமியின் முதல் நிகழ்ச்சியைப் பற்றியது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் மாதவி அரங்கேறுகிறாள். அவள் ஆடும் முன்பே இளங்கோ எவ்வளவு இடத்தைச் செலவிடுகிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் தகுதி வரையறுக்கிறார். ஆடலும் இசையும் கவிதையும் அந்த அரங்கில் ஒன்றாக நிற்கின்றன. பிறகு அரங்கை அளக்கிறார். 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். மூன்று வகை எழினிகள். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை நிறுத்தவேண்டும் என்கிறார். நிழல் விழுந்தால் என்ன? ஆடுகிறவளின் முகம் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகம் சரியாகத் தெரியவேண்டும் என்று ஒரு காப்பியம் கவலைப்பட்டிருக்கிறது. நம் கலையரங்கங்களில் மேடைக்குப் பின்னால் சிறப்பு விருந்தினரின் படம் போட்ட பதாகையின் மீது விளக்கு விழுகிறது.

மாதவி பரிசு பெறவில்லையா என்று கேட்கலாம். பெற்றாள். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன் மதிப்புள்ள மாலையும் பெற்றாள். ஆனால் அந்த மாலை அடுத்து என்ன ஆயிற்று என்பதையும் அதே காதையில் இளங்கோ சொல்லிவிடுகிறார். ஒரு கூனியின் கையில் கொடுத்து நகர நம்பியர் திரியும் மறுகில் அது விலைக்கு நிறுத்தப்படுகிறது. அதை வாங்கிய கோவலன் மாலையோடு மாதவியையும் பெறுகிறான். ஆடலைப் பார்த்துத் தந்த பரிசு, ஆடியவளை விற்கும் விலைச்சீட்டாக மாறிய கதை அது. பரிசு கொடுத்துக் கலை வளர்க்கப் புறப்படுகிறவர்கள் அந்த இடத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

இன்னொரு மரபும் நமக்கு உண்டு. ஆற்றுப்படை. கலைஞர் ஒருவர் எதிர்ப்பட்ட இன்னொரு கலைஞருக்கு வழிசொல்வது அதன் பொருள். பத்துப்பாட்டில் பொருநரும் பாணரும் கூத்தரும் தமக்கென ஆற்றுப்படை பெற்றிருக்கிறார்கள். கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளை எண்ணிச் சொல்லித் தொடங்குகிறது. போகும் வழியில் பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், பாறை எங்கே வழுக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே செல்கிறது. அதன் பாட்டுடைத் தலைவன் நன்னனின் ஊரான செங்கண்மா, இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பர். எங்கள் மாணவரும் அதே மாவட்டத்துக்காரர்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தம் மண்ணில் ஒரு கூத்தர் இன்னொரு கூத்தருக்கு வழி சொல்லியிருக்கிறார் என்பதை அவர் எங்கள் வகுப்பில்தான் படித்தார். அவருக்கு நாங்கள் சொன்ன வழி, வாசல் வளைவிலிருந்து மேடை வரைக்குமான முப்பது அடி.

கலைஞர்கள் தம் படைப்பைத் தமக்குள் பகிர்ந்துகொள்வது, வழியின் மேடுபள்ளங்களை ஒருவருக்கொருவர் சொல்வது ஆகியவற்றின் பழைய பெயர் ஆற்றுப்படை என்றே நாம் கொள்கிறோம். அது அரசனைப் புகழ்வதற்கான உத்திதானே என்று மறுக்கும் ஆய்வாளர் உண்டு. ஆம், அரசன் இருக்கிறான். ஆனால் பேசுகிறவரும் கேட்கிறவரும் கலைஞர்கள். அரசன் பாட்டின் முடிவில்தான் இருக்கிறான். நம் விழாக்களில் அவன் தொடக்கத்திலேயே வந்து அமர்ந்துகொள்கிறான்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 1959 சனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். இருபது வயதைக் கடந்துகொண்டிருந்த தருமு சிவராமு என்ற திருகோணமலை இளைஞரின் கவிதைகளையும் விமர்சனங்களையும் அவ்விதழ் வெளியிட்டது. செல்லப்பா அவருக்குப் பரிசுத்தொகை தரவில்லை. பக்கம் தந்தார். அதைவிட முக்கியமாக, அந்தப் பக்கத்தைப் படித்துச் சண்டையிடும் சிலரைத் தந்தார். பிற்காலத்துப் பிரமிள் அந்தச் சண்டைக்குள்ளிருந்து வந்தவர். நாடகத்திலும் அப்படியே. 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்‌ஷா, அதே ஆண்டில் மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜநாடக இயக்கம் எனத் தொடங்கியவை எல்லாம் போட்டியில் வென்று எழுந்தவை அல்ல. சேர்ந்து வேலை செய்யவும், செய்ததைச் சிலருக்கு முன் வைக்கவும், அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொள்ளவும் துணிந்தவர்களால் உண்டானவை. சிறுகதைக்காரராகத் தொடங்கிய கூத்துப்பட்டறையின் ந. முத்துசாமியை நாடகத்துக்குள் ஆழ இழுத்தது தெருக்கூத்து. ஒரு பட்டணத்து எழுத்தாளர் புரிசைத் தம்பிரான்களின் ஆட்டத்தின் முன் அமர்ந்து பார்த்ததன் விளைவுதான் நவீனத் தமிழ் நாடகத்தின் ஒரு பெரிய கிளை. அவர் அன்று பொன்னாடை போர்த்திவிட்டு எழுந்து போயிருந்தால்?

*

எங்கள் குற்றத்துக்குக் கழுவாயாக நாங்கள் ஒன்று செய்தோம். பெரிய காரியம் அல்ல. அடுத்த பருவத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, துறைக்குப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தடியில் நான்கு மாணவர்களை அழைத்தோம். அழைப்பிதழ் இல்லை. தலைமை இல்லை, முன்னிலை இல்லை, நன்றியுரை இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றோம். முடிந்ததும் பார்த்தவர்கள் பேசவேண்டும், 'அருமை' என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்ற ஒரே விதி. வந்த மாணவர்களுக்கும் முகவீணை, மிருதங்கக் கலைஞர்களுக்கும் நாங்கள் சிலர் கைக்காசு போட்டுப் பயணச்செலவும் இரவு உணவும் தந்தோம்.

கூத்து மாணவர் கர்ணன் வேடத்தின் திரைப்பிரவேசத்தை முழுமையாக ஆடினார். ஏறத்தாழ ஐம்பது நிமிடம். பன்னிரண்டாண்டாகத் தெருக்கூத்தைத் தேர்வுக்கு வினாவாகக் கேட்டுவரும் எங்களில் ஒருவர், திரைக்கு மேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிற அந்த நேரத்தில்தான் திரை எதற்கு என்பது விளங்கியது என்றார். பரதம் பயிலும் மாணவி ஒருவர் தாம் கற்றுவந்த வர்ணத்தின் முதற்பாதியை ஆடிவிட்டு, பாதியில் தமக்கு மூச்சு முட்டுகிறது, பிறகு முகத்தில் ஒன்றும் வருவதில்லை என்று தாமே சொன்னார். விழா மேடையில் இதை அவர் சொல்லியிருக்க முடியுமா? கூத்து மாணவர் எழுந்து, கனமான கட்டையோடு சுழலும்போது தாம் எங்கே மூச்சை எடுத்துக்கொள்கிறார் என்று ஆடிக்காட்டினார். ஒரே வகுப்பில் இரண்டாண்டு இருந்த இருவர் அன்றுதான் முதன்முறையாகத் தம் கலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். செவ்வியலும் நாட்டுப்புறமும் மூச்சில் சந்தித்தன.

கவிதை வாசித்த மாணவருக்குத்தான் கடினமான மாலை. கவியரங்கங்களில் பரிசு பல வாங்கியவர். அவர் வாசித்து முடித்ததும் கைத்தட்டுக்காக நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. முதலாமாண்டு மாணவி ஒருவர், "அண்ணா, கடைசி நாலு வரியும் நீங்க எங்களுக்கு விளக்கம் சொல்ற மாதிரி இருக்கு, அதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று உணவுக்கு நிற்காமல் போய்விட்டார். நாங்கள் கவலைப்பட்டோம். பத்து நாள் கழித்து அந்தக் கவிதையைப் பாதியாகச் சுருக்கி எடுத்து வந்தார். அது முன்னதைவிட நன்றாயிருந்தது. இன்னும் நன்றாயிருக்கலாம் என்று சொன்னோம். இம்முறை அவர் சிரித்தார். பரிசளித்திருந்தால் பழைய கவிதையே அவரோடு நெடுநாள் இருந்திருக்கும்.

*

மறுப்புகளை அறிவோம். முதலாவது, 'அரைகுறையை அரங்கேற்றலாமா? ஏழாண்டு பயின்றபின் ஏறுவதல்லவா மரபு?' என்பது. அரங்கேற்றம் வேறு, பகிர்வு வேறு. கூத்துக் குழுவில் சிறுவன் ஒருவன் எடுத்தவுடன் கர்ணனாக வருவதில்லை. தாளம் போட்டு, பின்பாட்டுப் பாடி, சிறு வேடங்கள் கட்டி, பார்வையாளர் முன்னிலையிலேயே வளர்கிறான். நாகசுரக் குழுவிலும் ஒத்து ஊதியும் தாளம் போட்டும் கற்றவர்களே பின்னர்ப் பெரியவர்களானார்கள். அறைக்குள்ளேயே பழுத்து வெளிவருவது எந்த மரபிலும் இல்லை. பார்க்கப்படுதல் பயிற்சியின் ஒரு பகுதி. அரைகுறையைப் 'பெரும் சாதனை' என்று பொன்னாடை போர்த்துவதுதான் மரபுக்குச் செய்யும் கேடு. அதை நாம் நாள்தோறும் செய்கிறோம்.

இரண்டாவது, 'இன்றைய பிள்ளைகளுக்கு மேடை தேவையில்லை, கைப்பேசியிலேயே ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள்' என்பது. பார்வைகளின் எண்ணிக்கை நடுவரின் மதிப்பெண்ணுக்கு உறவுக்காரன். முப்பது நொடியில் ஆடி முடிக்கவேண்டும் என்ற விதியும் அங்கே காத்திருக்கிறது. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் இருபத்தேழு பேர். மூச்சு முட்டுகிறது என்று அந்த மாணவி சொன்னது இருபத்தேழு பேர் இருந்ததால். ஆயிரக்கணக்கானோரிடம் அதைச் சொல்ல யாருக்கும் துணிவு வராது.

மூன்றாவது, 'அரசு விருதுகள் இருக்கின்றனவே' என்பது. இருக்கின்றன. மாவட்டக் கலை மன்றங்கள் 18 வயது வரையிலானோருக்குக் கலை இளமணி, 19 முதல் 35 வயது வரையிலானோருக்குக் கலை வளர்மணி என வயதுவாரியாகப் பட்டம் தருகின்றன. மைய சங்கீத நாடக அகாதெமி 40 வயதுக்குட்பட்டோருக்கு பிஸ்மில்லா கான் பெயரால் 2006 முதல் விருது தருகிறது. இவற்றை நாம் இழிவுபடுத்தவில்லை. சிற்றூர்க் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டயம் எவ்வளவு பெரிது என்பதை அவர் வீட்டுச் சுவரில் பார்த்திருக்கிறோம். ஆனால் விருதுக்கு முந்திய பத்தாண்டுகளை யார் பார்த்துக்கொள்வது? பட்டம் கலைஞரை உருவாக்குவதில்லை. உருவானவரைக் கண்டுகொள்கிறது, அதுவும் சில வேளைகளில் மட்டும். உருவாகும் காலத்தில் அவருக்குத் தேவைப்படுவது இருந்து பார்க்கும் இருபது முப்பது பேர்.

ஆகவே நாம் கேட்பவை எளியவை. இளங்கலைஞரை வரவேற்புக்கு அழைக்காதீர்கள். அழைத்தால் நிகழ்ச்சிக்கு அழையுங்கள். அவர் கேட்கும் நேரத்தைக் கொடுங்கள், கொடுக்க முடியாவிட்டால் அழைக்காமல் விடுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுக்கும் அதே நாளில் அவருக்கும் கொடுங்கள். சோறு போடுங்கள். நடுவர் நாற்காலிகளில் பாதியையாவது பார்வையாளர் நாற்காலிகளாக மாற்றுங்கள். கூத்துக்காலத்து இரவுகளை ஓ.டி. என ஏற்கும்படி கல்லூரிகளின் பாடக்குழுக்களில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்கள் தீர்மானம் கொண்டுவாருங்கள். விளையாட்டு வீரர்க்கு உண்டு, நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு உண்டு, கூத்தருக்கு மட்டும் ஏன் இல்லை? எங்கள் துறையில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறோம். கோப்பு இன்னும் நகர்ந்தபாடில்லை. நகரும்வரை கேட்போம்.

இலக்கிய இதழ்களைப் படிக்கும் நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். நாம் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறோம், சண்டையிடுகிறோம். நம் தெருவில் ஒரு பெண் ஆடுவதைப் பற்றி, பக்கத்து ஊரில் நான்கு இளைஞர்கள் போட்ட நாடகத்தைப் பற்றி, ஒரு பக்கம் எழுதியிருக்கிறோமா? அவர்கள் எழுதினால்தான் நம் கண்ணில் படுவார்கள் என்றால் இயல், இசை, நாடகம் என்று மூன்றைச் சொல்லி ஒன்றை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம் என்று பொருள்.

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் அதியமானைப் பாட மலைகள் பல கடந்து போனார். அதியமான் நேரில் காணாமலே பொருளைக் கொடுத்து அனுப்பினான். வறுமைக்குப் பேர்போன அந்தப் புலவர் அதை வாங்க மறுத்துவிட்டார். காணாமல் கொடுக்கும் பொருளைப் பெற்றுப்போகத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதி அறிந்து தந்தால் தினையளவே போதும் என்றும் சொன்னார். நாம் அதை 208ஆம் பாட்டாக நடத்தி, புலவரின் செம்மாப்பு என்று விடைத்தாளில் எதிர்பார்த்து, ஐந்து மதிப்பெண் போடுகிறோம்.

எங்கள் மாணவர் அந்தக் கேடயத்தை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை என்பது பட்டம் முடித்து அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. துறையின் பழைய விடைத்தாள் அலமாரியில், கட்டுகளுக்குப் பின்னால் அது இருந்தது. அவர் பெருஞ்சித்திரனாரைச் சரியாகப் படித்திருக்கிறார். நாங்கள்தான் படிக்கவில்லை.